யசோதினியின் காப்பும் எமன் வாசல் பாட்டும்

எங்கள் வெள்ளப்பாறைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிற யசோதினியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். தெமோதரையிலிருந்து மேலே ஏறிவருகிற யாரைக் கேட்டாலும் அவளைத் தெரியும். "பேய் மாதிரிக் கத்துமே, அந்தப் புள்ளையா?" என்பார்கள். அவர்கள் சொல்வதை விடுங்கள். அவளுக்கும் எனக்கும் நடுவில் இருபத்தாறு வருடமாக ஒரே ஒரு சுவர்தான் இருக்கிறது. அதுவும் கூரைவரை போகாத லயத்துச் சுவர், லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள். அந்தப் பக்கம் கடுகு வெடித்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும். ஆகையால் நான் சொல்வதுதான் சரி.

அவளுடைய அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அப்பன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கு வருவான், பொங்கலுக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவான், வரமாட்டான். பிள்ளை பாதி நாள் என் அடுப்பில்தான் சாப்பிட்டாள், என்னை அம்மாயி என்றுதான் கூப்பிடுவாள். பதுளைக்குப் பஸ்ஸில் போய் ஏ.எல். வரை படித்தாள். பாஸ் பண்ணினாள், ஆனால் கம்பஸ் கிடைக்கவில்லை. பிறகு இந்த வேலை வந்தது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்கும் முன் குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். பதினேழு குழந்தைகள். பால் காய்ச்சிக் கொடுப்பது, துடைப்பது, தூங்கவைப்பது எல்லாம் இவள்தான். கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு உறுமல் கேட்டது. காட்டுப்பன்றிதான் காம்பராவுக்குள் நுழைந்துவிட்டது என்று நினைத்து, கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவைத் தள்ளினால், இவள் தலையணையை வாயில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உறுமல் தலையணைக்குள்ளிருந்து வருகிறது.

"ஏன்டி, வயித்து வலியா? டொக்டரய்யாவக் கூப்பிடவா?"

"பாட்டு அம்மாயி."

"எது?"

"இதுதான். பழகுறேன்."

"பாட்டா? கெடாய அறுக்கிற மாதிரியில்ல இருக்கு!"

"மெட்டல்னு பேரு அம்மாயி. முதல்ல அந்தக் கத்தியக் கீழ வைங்க."

அப்படித்தான் எனக்கு அந்தச் சங்கதி தெரிந்தது. கித்தாரைக் கரண்டில் மாட்டி இரும்பை அரம் போட்டு ராவுவது போல வாசிப்பார்கள். ஸ்டோரில், அதுதான் தேயிலை ஆலையில், கொழுந்து அரைக்கிற ரோதை மெஷின் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் எப்படி இருக்கும், அப்படி மேளம் அடிப்பார்கள். அதற்கு நடுவில் ஒருத்தர் அடிவயிற்றிலிருந்து உறும வேண்டும். அந்த ஒருத்தர் இவள். கித்தார் வாசிக்கிறவன் ஷாஹ்மி. பதுளை பஜாரில் வாளியும் தார்ப்பாயும் விற்கிற மொஹிதீன் நானாவுடைய மகன். மேளம் அஜந்தன், எங்கள் மேல் லயத்துப் பையன். அவனுக்கும் முப்பது வயதாகிவிட்டது, எனக்குத்தான் இன்னும் பையன். ஆட்டோ ஓட்டுகிறான். தோட்டத்தில் யாராவது செத்தால் தப்பு அடிப்பதும் அவன்தான். மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மொஹிதீன் நானாவின் கடை மாடியில், தார்ப்பாய்ச் சுருள்களுக்கு நடுவில் நின்று பழகுவார்கள்.

கண்ட கண்ட பாட்டை அவள் பாடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் பாட்டெல்லாம் சாமி விஷயம். உபநிடதம் என்று ஒன்று இருக்கிறதாம், வேதத்தின் கடைசிப் பகுதியாம். அதைத் தமிழில் போனில் வைத்துப் படித்து, அவளே பாட்டாகக் கட்டுவாள். முதலில் கட்டிய பாட்டின் கதையை எனக்குச் சொன்னாள். ஒரு அப்பன் வேள்வி செய்கிறான். தானம் கொடுக்கிறான். கொடுப்பது எல்லாம் பால் வற்றிய கிழட்டு மாடுகள். இனிமேல் புல்லும் தின்னாது, தண்ணியும் குடிக்காது. பார்த்துக்கொண்டிருந்த மகனுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, என்னை யாருக்குக் கொடுப்பீர்கள்?" என்று கேட்கிறான். மூன்று முறை கேட்கிறான். அப்பனுக்குக் கோபம் வந்து, "உன்னை எமனுக்குக் கொடுத்தேன், போ" என்று சொல்லிவிடுகிறான். சொன்ன சொல் சொன்னதுதான். பிள்ளை எழுந்து எமன் வீட்டுக்குப் போகிறது. எமன் வீட்டில் இல்லை. மூன்று நாள் வாசலில் பட்டினி. திரும்பி வந்த எமன் பதறிப்போய் மூன்று வரம் தருகிறேன் என்கிறான். மூன்றாவதாக, "செத்தபிறகு மனுஷன் இருக்கிறானா இல்லையா, அதைச் சொல்" என்று கேட்கிறது பிள்ளை. எமன் யானை தருகிறேன், பொன் தருகிறேன், நூறு வயது தருகிறேன், அதை மட்டும் கேட்காதே என்று கெஞ்சுகிறான். பிள்ளை அசையவில்லை.

"அவனும் உன்ன மாதிரிப் புடிவாதக்காரன்தான்டி" என்றேன்.

"உங்கள மாதிரி" என்றாள்.

அந்தப் பாட்டில் எமனுக்கு உறுமல். பிள்ளைக்குச் சன்னமான குரல், நூல் மாதிரி. இரண்டும் ஒரே தொண்டைக்குள் எப்படி இருக்கிறதோ தெரியாது.

போன தை மாதம் அந்தத் தொண்டை போய்விட்டது. ஒரு நாள் காலையில் எழுந்து பேசப் பார்த்தாள், காற்றுதான் வந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, தொண்டையில் முடிச்சு விழுந்திருக்கிறது, ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, அப்புறம் பார்ப்போம், பாட்டு எல்லாம் சந்தேகம்தான் என்று டொக்டர் சொன்னார். வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஆறு வாரம் பிள்ளைக்காம்பராவில் கையைக் காட்டியே குழந்தைகளை வளர்த்தாள். நான் சும்மா இருப்பேனா? மாரியம்மன் வாசலில் போய் நின்றேன். "தாயே, அவ தொண்டயத் திருப்பிக் குடு. இந்தத் திருவிழாவுக்கு அவ உனக்குத் தீச்சட்டி எடுப்பா" என்று நேர்த்தி வைத்தேன்.

ஏழாவது வாரம் குரல் வந்துவிட்டது. டொக்டர் சொன்ன மாதிரி வாயை மூடிக்கொண்டு இருந்ததால் வந்தது என்கிறாள் அவள். அம்மன் கொடுத்தாள் என்கிறேன் நான். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் நேர்த்தி என்று சொன்னபோது மறுக்கவில்லை. "எடுக்கிறேன் அம்மாயி. எனக்கும் அம்மன் மேல கோவம் இல்ல" என்றாள்.

அந்த நேரத்தில்தான் பதுளையில் ஒரு கச்சேரி ஏற்பாடாயிற்று. பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் எட்டுக் குழுக்கள். சிங்களப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும். தார்ப்பாய் மாடியை விட்டு இவர்கள் முதல்முதலாக வெளியே பாடப்போகிற இடம். தொண்டை போய்த் திரும்பி வந்தபிறகு அவள் மேடையில் நின்று பாடிப் பார்க்க வேண்டும். அது அவளுக்கு எவ்வளவு பெரிது என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரியும். தூக்கத்தில்கூட "வாசலைத் திற" என்று முனகுவாள். திருவிழா முடிந்து இரண்டு வாரத்துக்குப் பிறகுதான் கச்சேரி. ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

அப்புறம் மேல் லயத்துக் கருப்பம்மா செத்துப்போனாள். காப்புக் கட்ட இரண்டு நாள் இருந்தது. லயத்தில் சாவு விழுந்தால் கருமாதி முடியும்வரை கோயிலில் கொடி ஏறாது. பூசாரி மாடசாமி பதினாறு நாள் தள்ளிவைத்தார். காப்புக் கட்டு தள்ளிப்போய், கச்சேரி நாள் சரியாகக் காப்புக்கு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. தீச்சட்டிக்கு முதல் நாள்.

காப்பு என்றால் மஞ்சள் கட்டிய நூல்தானே என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். எங்கள் தோட்டத்தில் அப்படி இல்லை. தீச்சட்டி எடுக்கிற பதினொரு பேருக்கும் ஒரே நேரத்தில் கட்டுவார்கள். அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கும்போது பதினொரு பேரும் கோயில் வாசலில் நிற்க வேண்டும். பகலில் மலைக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம், எல்லை தாண்டவும் தாண்டலாம். விளக்கு வைக்கும்போது ஒருத்தர் இல்லை என்றாலும் பதினொரு காப்பும் முறிந்தது. அந்த வருடம் தீச்சட்டி இல்லை. இந்த முறை அந்தப் பதினொரு பேரில், எட்டு வருடம் கழித்து வயிற்றில் பிள்ளை தங்கியவள் ஒருத்தி இருந்தாள். காலில் ஆணி ஏறிப் பிழைத்தவன் ஒருவன் இருந்தான். அவர்கள் நேர்த்தியும் இவள் கையில்.

காப்புக் கட்டுக்கு முதல் நாள் அவள் என் வாசலில் வந்து நின்றாள்.

"அம்மாயி, எனக்குப் பதிலா நீங்க எடுங்க. நேத்தி வச்சது நீங்கதானே?"

"உன் தொண்டைக்கு வச்சது. நீதான் எடுக்கணும்."

"என்னக் கேட்டீங்களா?"

"உனக்குத்தான் அப்ப பேச்சே வரலையே, என்னத்தக் கேக்குறது?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எங்க பாட்டுல வர்ற அப்பன் மாதிரிதான் நீங்களும். வாயத் தொறந்து குடுத்தது நீங்க, போறது நான்" என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்க அது என் சொல் இல்லை, அம்மனிடம் போய்விட்ட சொல். மறுநாள் அவள் கையை நீட்டிக் காப்புக் கட்டிக்கொண்டாள்.

கட்டி முடிந்ததும் நான் மாடசாமியிடம் போனேன். வரும் ஞாயிறு அவள் பதுளைக்குப் போய் வரட்டும் என்றேன். கோயில் கமிட்டிக்காரர்கள் குதித்தார்கள். சாமிப் பாட்டைப் பேய்க் குரலில் பாடுகிறாள், காப்புக் கையோடு வேறு போக வேண்டுமா என்றார்கள். மாடசாமி கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். அவருக்கு அந்தப் பாட்டு கொஞ்சமும் பிடிக்காது. அவருடைய மகளின் குழந்தை பிள்ளைக்காம்பராவிலிருந்து வந்து ராத்திரிச் சோற்றுக்கு உறுமுகிறதாம்.

"போகக்கூடாதுன்னு முறை இல்ல அக்கா. விளக்கு வைக்கும்போது நிக்கணும். அவ்வளவுதான் முறை. நிக்கலன்னா?"

"நிப்பா. நானே கூட்டிட்டுப் போய் நானே கூட்டிட்டு வர்றேன். நாலரைக்குப் பஸ் ஏறிடுவோம்."

"முழங்கால வச்சுக்கிட்டு நீங்களா?"

"முழங்கால் என்னோடது."

"ஆறே காலுக்கு விளக்கு. நான் யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன் அக்கா. பத்துப் பேர் நேத்தி இருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கே மண்டபத்தில் இருந்தோம். இவர்கள் முறை மூன்று மணி. மேடையில் கம்பியும் பெட்டியும் குவிந்து கிடந்தன. என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் தலைமுடியைத் தோள்வரை விட்ட பிள்ளைகள். ஒருவன் மேல் சட்டை முழுக்க மண்டை ஓடு. "பாட்டி, காது வலிக்கும்" என்று பஞ்சு கொடுத்தான். வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன், காதில் வைக்கவில்லை.

இரண்டரைக்கு வானம் கறுத்தது. சித்திரை மாதத்து மழை எங்கள் பக்கம் எப்போதும் மத்தியானத்துக்கு மேல்தான். இடி ஒன்று விழுந்தது, மண்டபம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. கித்தார் எல்லாம் கரண்டில் ஓடுவது. கரண்ட் இல்லாவிட்டால் வெறும் பலகை. ஏற்பாடு செய்தவர்கள் ஜெனரேட்டர் கொண்டுவர ஆள் அனுப்பினார்கள். மூன்று மணி ஆனது. மூன்றரை ஆனது. யசோதினி மேடை ஓரத்தில் தூணில் சாய்ந்து நின்றுகொண்டு, மணிக்கட்டில் இருந்த காப்பை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன், அவளைப் பார்ப்பேன். எனக்கு மணி பார்க்கத் தெரியும், அதை மட்டும் ஸ்டோரில் கற்றுக்கொண்டேன்.

நாலு மணிக்கு ஷாஹ்மி ஓடிவந்தான். நனைந்து போயிருந்தான்.

"பாட்டி, கரண்ட் வந்திரும். இன்னம் பத்து நிமிஷம். நேரம் ஈக்கி."

"பத்து நிமிஷத்துல பாடி முடிச்சிடுவீங்களாப்பா?"

அவன் தலையைக் குனிந்தான். "எங்களுக்கு முன்னால இன்னம் ரெண்டு குழு ஈக்கிறாங்க."

நாலு பதினைந்துக்கு விளக்குகள் எரிந்தன. எல்லோரும் கூவினார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் யசோதினி என்னிடம் வந்தாள். பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"வாங்க அம்மாயி, போவோம். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவள் அழுதிருந்தால் நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். கோபப்பட்டிருந்தால் இன்னும் வேகமாக இழுத்திருப்பேன். இரண்டும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிய அதே முகம். குடையை எடுக்கக் குனிந்தாள். அஜந்தன் மேளத்துக்குப் பின்னால் உட்கார்ந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். குச்சிகள் இரண்டும் மடியில்.

எமன் வாசலுக்குப் போன பிள்ளை கூட வரம் வாங்கிக்கொண்டுதானே திரும்பியது? இவளை வெறுங்கையோடு எப்படிக் கூட்டிப்போவது? எனக்குப் பிடிவாதம் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கே தெரியாது.

"உக்காருடி" என்றேன்.

"அம்மாயி, விளக்கு…"

"விளக்கு எனக்குத் தெரியும். அஜந்தா! உன் ஆட்டோ எங்க நிக்கிது?"

"பின்கேட்டுல அம்மாயி."

"முன் கேட்டுக்குக் கொண்டாந்து மூஞ்சிய ரோட்டுப் பக்கம் திருப்பி நிப்பாட்டு. ஷாஹ்மி, அடுத்துப் பாடப்போறவங்க யாருன்னு எனக்குக் காட்டு."

அடுத்துப் பாடப்போகிறவர்கள் பண்டாரவளைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகள் நாலு பேர். எனக்குத் தெரிந்த சிங்களம் கங்காணியிடம் கற்ற சிங்களம், பாதி திட்டு. ஷாஹ்மி எடுத்துச் சொன்னான், நான் யசோதினியின் கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினேன். அதில் ஒரு பிள்ளை தன் கையைத் தூக்கி எனக்குக் காட்டினான். அவன் மணிக்கட்டில் வெள்ளைப் பிரித்நூல். விகாரையில் கட்டியது. தன் கித்தாரைத் தோளிலிருந்து கழற்றி நாற்காலியில் வைத்தான்.

ஆனாலும் மேடையில் இருந்த குழு முடிக்கும்போது நாலு ஐம்பது ஆகிவிட்டது. ஒரு பாட்டுதான் என்று சொல்லி ஏறினார்கள்.

அந்தப் பாட்டைத் தலையணைக்குள்ளிருந்தும் சுவருக்குப் பின்னாலிருந்தும் நூறு தரம் கேட்டவள் நான். மேடையில் கேட்டபோது பாதிப் பேர் தமிழ் தெரியாதவர்கள் என்பதும் மறந்துபோய்விட்டது. அஜந்தன் முதலில் சாவுத் தப்பு அடிக்கிற அடியை அடித்தான், மெதுவாக. கருப்பம்மாவுக்கு அடித்த அதே அடி. பிறகு இரண்டு காலாலும் மேளத்தை உதைத்து ரோதையை ஓட்டினான். ஷாஹ்மியின் கித்தார் அதன்மேல் ஏறியது. யசோதினி கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சன்னக் குரலில் பிள்ளைக்காக ஆரம்பித்தாள்.

கொடுத்தது நீ, போவது நான்,
வாசலைத் திற.
மூன்று நாள் பசியை விரித்து அமர்ந்தேன்,
வாசலைத் திற.

அப்புறம் எமன் வந்தான். நான் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான், தொண்டை தாங்குமா என்று. வாயைத் திறந்தாள். என் நாற்காலி அதிர்ந்தது. முடி வளர்த்த பிள்ளைகள் தலையை ஆட்டி ஆட்டி முன்னால் நெருங்கினார்கள். எமன் யானையைக் காட்டினான், பொன்னைக் காட்டினான். பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்றது. என் கண் கடிகாரத்தில் இருந்தது, காது அவளிடம் இருந்தது. ஐந்து மணி ஆனது. ஐந்து தாண்டி இரண்டு நிமிடம். முடிந்தது. கைதட்டல் வருவதற்குள் நான் அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

ஷாஹ்மி சாமான்களோடு அங்கேயே நின்றுவிட்டான். நாங்கள் மூன்று பேரும் ஆட்டோவில் ஏறினோம். மழை நிற்கவில்லை. அஜந்தன் ஓட்டிய ஓட்டத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லக்கூடாது, அவனுக்கு லைசென்ஸ் வேண்டும். தெமோதரையைத் தாண்டும்போது ஐந்தரை. இன்னும் கால்மணி நேரத்தில் தோட்டம் என்று மூச்சு விட்டேன். மூன்றாவது வளைவில் அஜந்தன் பிரேக்கை மிதித்தான். மண்மேடு சரிந்து ரோட்டின் மேல் கிடந்தது. ஒரு சவுக்கு மரம் வேரோடு குறுக்கே விழுந்திருந்தது. ஆட்டோ போகாது.

"குறுக்குப் பாதை இருக்கு" என்றான் அஜந்தன். "ஏழாம் நம்பர் மலை வழியா. ஏறி இறங்கினா கோயில்."

இறங்கினோம். மண்மேட்டைத் தாண்டித் தேயிலைக்குள் ஏறினோம். இருபது அடி ஏறியதும் என் முழங்கால் மடங்கிவிட்டது. கல்லில் உட்கார்ந்துவிட்டேன். யசோதினி திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள்.

"தூக்கிட்டுப் போறேன் அம்மாயி."

"உனக்கென்ன பைத்தியமா? நான் காப்புக் கட்டலடி, நீதான் கட்டியிருக்க. ஓடு!"

"உங்கள விட்டுட்டு எப்படி?"

"அஜந்தன் இருக்கான். ஓடுடி! எட்டு வருசம் கழிச்சு வயித்துல தங்கினது ஒண்ணு அங்க நிக்கிது. ஓடு!"

இதைவிடக் கெட்ட வார்த்தைகளும் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் கொஞ்ச தூரம் தலை தெரிந்தது. பிறகு மலையின் விளிம்பு அவளை மறைத்துவிட்டது.

அஜந்தன் என்னைத் தாங்கிக்கொண்டு வந்து ஆட்டோவுக்குள் உட்கார வைத்தான். அந்த வளைவிலிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மலைத் தோளில், எங்கள் கோயில் தெரியும். கூரையின் தகரமும் வேப்பமரமும் தெரியும். விளக்கு வைத்தால் வாசலில் மஞ்சளாக ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளி வரக்கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆயுசில் கோயில் விளக்கு எரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

"மணி என்னடா?"

"ஆறு அஞ்சு."

"இப்ப?"

"ஆறு ஆறு. அம்மாயி, நிமிசத்துக்கு ஒரு தரம் கேட்டா நிமிசம் கூடாது."

ஆறே கால் ஆனது. கோயில் பக்கம் இருட்டு. மாடசாமி நேரம் தவறாதவர். என்ன நடக்கிறது என்று புரியவில்லை. ஒருவேளை நான்தான் கண் தெரியாமல் பார்க்கிறேனோ என்று அஜந்தனைக் கேட்டேன். அவனும் ஒன்றும் இல்லை என்றான். ஆறு பதினெட்டு. மழை கொஞ்சம் விட்டது. அப்போது ஏழாம் நம்பர் மலை உச்சியிலிருந்து அந்த உறுமல் வந்தது. பள்ளம் முழுக்க உருண்டது. "வாசலைத் திற" என்று ஒரு தரம். கொஞ்சம் கீழே இறங்கி இன்னொரு தரம். இறங்கி ஓடுகிறவளுக்கு மூச்சு எங்கிருந்து வந்ததோ. லயத்து நாய்கள் எல்லாம் குரைத்தன.

"அவதான்!" என்று அஜந்தன் ஆட்டோவின் தகரத்தில் தட்டினான். "எல்லைக்குள்ள வந்துட்டா அம்மாயி!"

"எல்லை இல்லடா, வாசல்! வாசல்ல நிக்கணும்!"

ஆறு இருபத்தாறுக்கு அந்தப் புள்ளி எரிந்தது. சின்னதாக, மஞ்சளாக. எனக்கு அழுகை வந்தது, ஆனால் எதற்கு என்று தெரியாமல் வந்தது. அவள் நின்றாளா, இல்லை அவள் வருவதற்குள் ஏற்றிவிட்டார்களா? அங்கிருந்து எப்படித் தெரியும்?

மண்ணை ஓரம் தள்ளி ஆள் நடக்க வழி செய்தபிறகு, அஜந்தன் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். கோயில் வாசலில் பதினொரு பேரும் வரிசையாக நின்றார்கள். கடைசியில் யசோதினி, முழங்கால்வரை சேறு, ஒரு காலில் ரத்தம். கமிட்டிக்காரர்களின் முகம் கறுத்திருந்தது. ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டி, "பதினோரு நிமிசம் பிந்தி விளக்கு வச்சா அது முறையா?" என்று கேட்டார்.

மாடசாமி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்குத் திரியைத் தூண்டியபடி சொன்னார்:

"தீப்பெட்டி நமுத்துப் போச்சு. ஆறே காலுக்கு ஒரசினேன், பத்தல. எரியிற குச்சி கிடைக்கும்போது எரிஞ்சுச்சு. நான் யாருக்காகவும் காத்திருக்கல."

"ஒரு பெட்டி முழுக்கவா நமுத்துச்சு?"

"மழையில நமுக்காத தீப்பெட்டி உங்க வீட்டுல இருந்தா நாளைக்குக் கொண்டாங்க."

அவ்வளவுதான். மறுநாள் பதினொரு பேரும் தீச்சட்டி எடுத்தார்கள். யசோதினியும் எடுத்தாள், ஆடாமல் அசையாமல், கண்ணைத் திறந்துகொண்டு. நான் பக்கத்திலேயே நொண்டிக்கொண்டு போனேன். எல்லாம் முடிந்து காப்பை அறுத்தபிறகு மாடசாமியிடம் தனியாகக் கேட்டேன், உண்மையாகவே நமுத்துப் போயிற்றா என்று. "போங்க அக்கா, வேலையப் பாருங்க" என்றார்.

நேர்த்தி வைத்தது சரிதானா என்று யாராவது என்னைக் கேட்டால் இப்போதும் சரி என்றுதான் சொல்வேன். தொண்டை வந்ததா இல்லையா? வந்தது. ஆனால் இனிமேல் ஒன்று வைத்தால் அவளைக் கேட்டுத்தான் வைப்பேன். இதை அவளிடமே சொன்னேன். குழந்தைக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எழுதிக் குடுங்க அம்மாயி" என்றாள்.

எனக்கு எழுதத் தெரியாது என்று தெரிந்துதான் கேட்டாள், கழுதை.